மருத்துவ மேதை சர் ஜேம்ஸ் பேஜெட்

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் கிரேட் யார்மத் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அவ்வூரில் சாமுவேல் பேஜெட் என்பவர் பீர் ஆலையும் சொந்தக் கப்பல்களும் உடைய செல்வராக விளங்கினார். நெப்போலியனோடு பிரிட்டன் பொருத காலத்தில், யார்மத் துறையில் தங்கிய கடற்படைக்கு உணவுப் பொருள்களை வழங்கியதில் அவருக்குப் பெரும்பொருள் சேர்ந்தது. 1817ஆம் ஆண்டில் நகரின் மேயராகவும் அவர் இருந்தார். அவருக்கும் அவர்தம் மனைவி சாரா எலிசபெத் அம்மையாருக்கும் பிறந்த மக்கள் 17 பேர். அவர்களுள் பலர் இளமையிலேயே மாண்டனர். எஞ்சிய மக்களுள் ஒருவராய் 1814ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11ஆம் நாள் பிறந்தவரே ஜேம்ஸ் பேஜெட். மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையை உலகெங்கும் உள்ள மருத்துவர்கள் இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றனர். பத்தாலஜி எனப்படும் நோய்க்கூற்றியல் இங்கிலாந்தில் ஒரு தனி அறிவுத் துறையாக வேரூன்றியதற்கு முதற் காரணராய் நின்றவரும் இவரே.

போர் ஓய்ந்தது. கடற்படைக் கப்பல்கள் யார்மத்தை விட்டு அகன்றன. சாமுவேலின் வாணிகமும் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்தது. மூத்த பிள்ளைகளைச் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பெயர்பெற்ற பள்ளிக்கு அனுப்பிய தந்தையாரால் இளையவர்களை அவ்வாறு அனுப்ப இயலவில்லை. ஜேம்ஸ் உள்ளூர்ப் பள்ளியிலேயே பயின்றார். அவரைக் கடற்படையில் சேர்ப்பதென முதலில் எண்ணிய பெற்றோர் பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, 1830இல், 16ஆம் வயதில், சார்லஸ் காஸ்டர்டன் என்ற உள்ளூர் மருத்துவரிடம் தொழில் பழக விட்டனர். மருந்து கலப்பது, கணக்கு எழுதுவது, காத்திருக்கும் நோயாளிகளைக் கவனிப்பது ஆகியவையே அங்கு அவர் செய்த வேலை. ஓய்ந்த நேரங்களில் ஊரைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களிலும் மணல் மேடுகளிலும் திரிந்து செடிகொடிகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் இனம் பிரித்து எழுதி வைத்தார். தமையன் சார்லஸ் பூச்சிகளைச் சேகரித்தார். 1834இல் உடன்பிறந்தார் இருவரும் சேர்ந்து யார்மத் வட்டாரத்து இயற்கைப் பொருள்களைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டனர். மருத்துவ மாணவனுக்குப் பூண்டும் புல்லும் எதற்கு என்று கேட்போர் அக்காலத்திலும் இருந்திருப்பர். ஒரு பொருளை அதை ஒத்த மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காணும் பழக்கத்தைத் தாவர நூலே தமக்குத் தந்தது என்று பேஜெட் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1834ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் லண்டன் மாநகர் சென்று செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். 1123ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மிகப் பழைய மருத்துவமனை அது. அக்கால மருத்துவப் படிப்பு நாம் அறிந்த முறையில் அமைந்ததன்று. ஆசிரியர்கள் வந்து பேசிச் செல்வர். கற்பதும் கல்லாமையும் மாணவர் பாடு. அந்தப் பெரிய மருத்துவமனையில் ஒரு மைக்ராஸ்கோப் கூட இருக்கவில்லை.

சேர்ந்து சில திங்களே ஆன 1835ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் பிணம் அறுக்கும் கூடத்துக்கு ஓர் இத்தாலியரின் உடல் வந்தது. அவ்வுடலின் தசைகளில் மணலைத் தூவினாற் போன்று வெண்ணிறப் பொடிப் புள்ளிகள் காணப்பட்டன. அறுவைக் கத்திகள் அவற்றில் பட்டு முனை மழுங்கின. அத்தகைய புள்ளிகளை அந்தக் கூடத்தார் முன்னரும் கண்டிருந்தனர். எலும்புத் துணுக்கு போன்றது ஏதோ என்று எண்ணி, கத்தியைத் தீட்டிக்கொண்டு மேலே வேலையைத் தொடர்வதே வழக்கம். முதலாண்டு மாணவராகிய பேஜெட் மட்டும் ஒரு கைக்கண்ணாடியை வைத்து ஒரு புள்ளியைக் கூர்ந்து நோக்கினார். அது ஒரு சிறு கூடு என்பதும், அதனுள் ஒரு நுண்புழு சுருண்டு கிடக்கிறது என்பதும் தெரிந்தன. தசைத் துண்டை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப் தேடி அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சென்றார். தாவர அணுவின் உட்கருவைக் கண்டு பெயரிட்ட ராபர்ட் பிரௌன் என்னும் பேரறிஞர் அங்கே பணி புரிந்தார். அவர் தம் கருவியை அவ்விளைஞருக்கு மனமுவந்து அளித்தார். கண்டதைப் பேஜெட் தம் மருத்துவமனை மாணவர் கழகத்தில் படித்துக் காட்டினார். அதற்குள் அதே உடலின் தசைத் துண்டுகள் ரிச்சர்ட் ஓவன் என்ற புகழ்பெற்ற விலங்கியலறிஞரிடமும் சென்றிருந்தன. அவரே அப்புழுவை உலகுக்கு விவரித்து, டிரிக்கினா என்று பெயர் சூட்டி, புகழையும் பெற்றார். 21 வயது மாணவர் இதைப் பற்றி யாரிடமும் வழக்காடியதாகத் தெரியவில்லை. சரியாக வேகாத பன்றியிறைச்சி வழியாக மனிதனை அடைந்து உயிரையும் மாய்க்க வல்லது இப்புழு என்பதைப் பின்னர் ஜெர்மானிய அறிஞர்கள் கண்டறிந்தனர்.

மருத்துவமனை அளித்த பரிசுகளில் பெரும்பாலானவற்றை வென்ற பேஜெட், 1836இல் தேர்வில் தேறி அறுவை மருத்துவராய் வெளிவந்தார். ஆயினும் பெரிய மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர் பதவி, பெரும்பணம் கொடுத்து மூத்த மருத்துவர்களிடம் பழகிய இளைஞர்க்கே உரியதாய் இருந்தது. கட்டுக் கட்டும் உதவியாளர் வேலைக்குக் கூடக் கட்டணம் உண்டு. தந்தையாரோ வாணிகம் முறிந்து கடனாளியாகி நின்றார். ஆதலின் பேஜெட்டுக்கு அந்தக் கதவு அடைபட்டது. அடுத்த ஏழு ஆண்டுகள் லண்டனில் வாடகை அறைகளில் அவர் வறுமையோடு காலம் தள்ளினார். மருத்துவத் தொழிலில் ஆண்டுக்குச் சுமார் 15 பவுனே அவருக்குக் கிடைத்தது. மருத்துவ இதழ்களுக்குக் கட்டுரை எழுதியும், கலைக்களஞ்சியத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தும், அச்சுப் பிழை திருத்தியும் உணவுக்கு வழி தேடினார். அயல்நாட்டு ஆராய்ச்சிகளைச் சுருக்கி எழுதுவதற்காகப் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, இத்தாலிய மொழிகளைத் தாமே கற்றுக்கொண்டார். 1836இலேயே லிடியா நார்த் என்ற பாதிரியார் மகளுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. குடும்பம் நடத்தும் வருமானம் வரும்வரை அந்த அம்மையார் ஏழாண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்தார். 1844ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் மணம் நடந்தது.

வறுமைக் காலத்தில் அவருக்கு வாய்த்த வேலை ஒன்று உண்டு. அவ்வேலையே பின்னாளில் அவரை ஆக்கியது என்பது என் கருத்து. மருத்துவமனையின் நோய்ப்பொருட் காட்சிசாலைக்கு அவர் காப்பாளராக நியமிக்கப்பட்டார். சம்பளம் ஆண்டுக்கு 40 பவுன். சாராயத்தில் இட்டு வைத்த ஈரல், எலும்பு, கட்டி, குடல் முதலிய நூற்றுக்கணக்கான உறுப்புகள் கண்ணாடிச் சாடிகளில் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் எடுத்து, பார்த்து, அது என்ன, யாருடைய உடலில் எத்தகைய நோயால் இவ்வாறு ஆயிற்று என்று ஆராய்ந்து எழுதவேண்டும். இதே வேலைக்கு ராயல் சர்ஜன் கல்லூரியும் அவரை அழைத்தது. ஜான் ஹண்டர் என்னும் முன்னோர் திரட்டிய பெருந்தொகுதி அக்கல்லூரிக் காட்சிசாலையில் இருந்தது. அங்குள்ள நோய்ப்பொருள்களின் விளக்கப் பட்டியலைப் பேஜெட் எழுதி முடித்து, 1846 முதல் 1849 வரை ஐந்து பாகங்களாக வெளியாயிற்று. பிறர் இதைக் குமாஸ்தா வேலை என்று கருதினர். பல ஆண்டுகள் சாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மனிதர்க்கோ, ஒரு கட்டியைக் கையில் எடுத்தவுடனே அதன் பிறப்பும் வளர்ச்சியும் முடிவும் கண்முன் தோன்றும் நிலை வந்தது.

1843இல் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மாணவர் தங்கிப் படிக்கும் கல்லூரி ஒன்று புதிதாக ஏற்பட்டது. அதன் முதல் வார்டனாகவும், உடலியல் விரிவுரையாளராகவும் பேஜெட் அமர்ந்தார். மருத்துவமனை மதிலுக்குள்ளேயே வீடு. சுமார் 30 மாணவர்கள் அவர் கண்காணிப்பில் தங்கினர். புதிய மாணவரைச் சேர்ப்பது, எவ்வாறு படிப்பது என்று அறிவுரை கூறுவது, பள்ளியின் வரவு செலவைப் பார்ப்பது, விரிவுரை தயாரிப்பது என்று ஓயாத அலுவல். மருத்துவமனை வாயிலைத் தாண்டாமலே வாரக்கணக்கில் கழிந்தது உண்டு. லிடியா அம்மையார் குடித்தனம் தொடங்கியதும் மக்களைப் பெற்றதும் அங்கேதான்.

அவர் வார்டனாக இருந்த காலத்தில், 1850ஆம் ஆண்டு, எலிசபெத் பிளாக்வெல் என்ற பெண்மணி லண்டன் வந்தார். அமெரிக்காவில் முதன்முதலாக மருத்துவப் பட்டம் பெற்ற பெண் அவர். பாரிஸ் நகரத்து மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி பெறும்போது நோயுற்ற குழந்தையிடமிருந்து தொற்றிய கண்ணோயால் ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்தார். பெண் ஒருத்தி மருத்துவம் படிப்பதாவது என்று நகைத்த அந்நாளில், பேஜெட் அவரை மதிப்போடு வரவேற்று, மாணவருடன் இருந்து கற்க ஏற்பாடு செய்தார். லிடியா அம்மையாரும் அவரைத் தம் இல்லத்தில் உபசரித்தார். மருத்துவமனையின் எல்லா வார்டுகளிலும் பிளாக்வெல் அம்மையார் நுழையலாம் என்று இசைந்த பெரியவர்கள், ஒரே ஒரு பகுதியை மட்டும் அவருக்கு மூடி வைத்தனர். அது பெண்களின் நோய்களுக்கான பகுதி! இதைவிட விந்தை வேறு இருக்குமோ?

ஆசிரியராகப் பேஜெட் செய்த காரியங்களுள் ஒன்றை, பிள்ளைகளின் பரீட்சை மார்க்கை எண்ணி இரவில் உறக்கம் கெடும் நம் காலனிப் பெற்றோர்கள் அவசியம் அறியவேண்டும். தம்மிடம் பயின்று சென்ற மாணவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று அவர் தேடிப் பார்த்தார். 1,000 பேருடைய வாழ்க்கையை விசாரித்து, 1869ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் ஆண்டறிக்கை நூலில் கணக்கை வெளியிட்டார். அந்த ஆயிரவருள் பெரும்புகழ் எய்தியவர் 23 பேர். நல்ல மேன்மை பெற்றவர் 66 பேர். நடுத்தரமாகத் தொழில் நடத்தி மதிப்போடு வாழ்ந்தவர் 507 பேர். மிகச் சிறிய அளவிலேயே முன்னேறியவர் 124 பேர். அடியோடு தோற்றவர் 56 பேர். தொழிலையே விட்டு விலகியவர் 96 பேர். தொழில் தொடங்கிய 12 ஆண்டுகளுக்குள் மாண்டவர் 87 பேர். படிக்கும்போதே இறந்தவர் 41 பேர். இவர்களுள் சிலர் நோயாளிகளிடமிருந்து தொற்றிய காய்ச்சலுக்கு இரையானவர்.

மருத்துவ மாணவர் என்றாலே குடித்துக் கூத்தடிப்பவர் என்று அக்காலத்து ஊரார் ஏசுவதுண்டு. நாவலாசிரியர்களும் அவ்வாறே எழுதினர். பேஜெட்டின் கணக்கு அந்த ஏச்சைப் பொய்யாக்கியது. தேர்ச்சியும் வசதியும் உதவியும் ஒருவனை ஓரளவு தூக்கிவிடலாம், தாழ்த்தலாம். எனினும் படிக்கும் நாளில் அவனிடம் காணப்பட்ட குணமும் மன உறுதியுமே பெரும்பாலும் அவன் பின்னாள் வாழ்வை முடிவு செய்தன என்பது அவர் கண்ட முடிவு. ஓர் ஆசிரியர் தம் மாணவர் ஆயிரம் பேரை நினைவில் வைத்திருந்ததே அரிது. தோற்றவர்களையும் மறவாமல் எண்ணினாரே, அதுதான் என்னை வியக்க வைப்பது.

1847இல் மருத்துவமனையின் உதவி அறுவை மருத்துவர் பதவிக்குப் போட்டி வந்தபோது, கட்டுக் கட்டும் பணிகூடச் செய்யாதவருக்கு இப்பதவியா என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடும் போட்டிக்குப் பின்னர் பேஜெட்டே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே ராயல் சர்ஜன் கல்லூரியில் விரிவுரைப் பேராசிரியராகவும் ஆனார். ஆண்டுக்கு ஆறு சொற்பொழிவாக ஆறாண்டுகள் அவர் ஆற்றிய உரைகள், அறுவைத் துறை நோய்க்கூற்றியல் பற்றிய நூலாக 1853இல் இரு பாகங்களில் அச்சேறின. புண் எவ்வாறு ஆறுகிறது, சதை எவ்வாறு வீங்குகிறது, கட்டிகளில் எது தீங்கற்றது, எது கொல்வது என்பனவற்றை மைக்ராஸ்கோப்பின் சான்றோடு ஆங்கிலத்தில் முறையாக எடுத்துக் கூறிய நூல் அது. ஜெர்மனியில் விர்கோ ஆற்றிய தொண்டை இங்கிலாந்தில் பேஜெட் ஆற்றினார் என்று அறிஞர் கூறுவர். 1851இல் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு புகழ் வந்த பின்னும் கையில் பொருள் இல்லை. காரணம், தந்தையார் பட்ட கடனில் தம் பங்கைத் தீர்ப்பதென்று அவர் உறுதி பூண்டிருந்தார். சட்டப்படி அவருக்கு அந்தக் கடமை கிடையாது. ஆயினும் 14 ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தம் பங்கைத் தீர்த்தார். அதன் பிறகே அவர் இல்லத்தில் செல்வம் தங்கியது. தங்கத் தொடங்கியதும் வெள்ளமாய் வந்தது. 1858இல் விக்டோரியா அரசியாரின் அறுவை மருத்துவர்களுள் ஒருவரானார். பின்னர் வேல்ஸ் இளவரசரின் மருத்துவருமானார். நாளொன்றுக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் உழைத்தார். என்ன கட்டி என்று பிற மருத்துவர் துணிய முடியாத நோயாளிகளெல்லாம் கடைசித் தீர்ப்புக்கு அவரிடமே அனுப்பப்பட்டனர்.

மார்பகப் புற்றுநோயைப் பற்றி அவர் கொண்ட கருத்துகளில் சரியும் உண்டு, பிழையும் உண்டு. புற்றுநோய் என்பது இரத்தத்தில் குடிகொண்ட கேடு. மார்பில் தோன்றும் கட்டி அதன் வெளி அடையாளமே என்று அவர் நெடுங்காலம் நம்பினார். இக்கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் அந்த நம்பிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. கத்தியால் கட்டியை நீக்கியவர் எத்தனை காலம் வாழ்ந்தனர், நீக்காதவர் எத்தனை காலம் வாழ்ந்தனர் என்று பெயர் பெயராகக் குறித்துவைத்து ஒப்பிட்டார். அறுவையினாலேயே மாண்டவர்களை அக்கணக்கில் மறைக்கவில்லை. தம் கால அறுவைச் சிகிச்சை இந்நோயில் ஆயுளை நீட்டியது சொற்பமே என்று, அறுவை மருத்துவராய் இருந்துகொண்டே வெளிப்படையாகச் சொன்னார். மயக்க மருந்து 1846இல்தான் வந்தது. புண்ணில் கிருமி புகாமல் காக்கும் லிஸ்டரின் முறை 1867இல்தான் வெளியாயிற்று என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

1871இல் ஒரு பிண ஆய்வின்போது நச்சுக் கிருமி தொற்றி, அவர் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். எழுந்து உட்கார்ந்ததும் தமக்கு வந்த நோயையே பாடமாக வைத்து மாணவர்க்கு விரிவுரை ஆற்றினார். ஆயினும் உடல் முன்போல் இடம் தராமையால் அவ்வாண்டிலேயே மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். பாரனெட் என்னும் பட்டமும் அதே ஆண்டில் வந்தது.

மருத்துவமனையை விட்டு மூன்றாண்டு கழித்து, 1874இல், மருத்துவமனையின் ஆண்டறிக்கை நூலில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை அவர் எழுதினார். அவருடைய பெயரை நிலைநிறுத்தியது அந்தச் சிறு கட்டுரை. சுமார் 15 பெண்களிடம் தாம் கண்ட ஒன்றை அதில் விவரித்தார். எல்லோரும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர். உடல்நலம் வேறு வகையில் குறைவின்றி இருந்தவர். ஒரு மார்பகக் காம்பிலும் அதைச் சுற்றிய வட்டத்திலும் தோல் சிவந்து, மேல் தோல் உரிந்தாற் போலப் பச்சைப் புண்ணாகி, மஞ்சள் கலந்த தெளிந்த நீர் கசிந்தது. அரிப்பும் எரிச்சலும் இருந்தன. சிலருக்கு வெறும் கரப்பான் போலக் காய்ந்து செதில் உதிர்ந்தது. எந்தக் களிம்புக்கும் அது ஆறவில்லை. ஆண்டொன்று, மிஞ்சினால் இரண்டு செல்வதற்குள், அந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே மார்பகத்தினுள்ளே புற்றுக்கட்டி தோன்றியது. கட்டி பெரும்பாலும் தோலில் உள்ள புண்ணை ஒட்டி இல்லை. இரண்டுக்கும் இடையே நல்ல சதை இருந்தது. ஆதலால் இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சிட யாருக்கும் தோன்றவில்லை.

நினைத்துப் பாருங்கள். அப்பெண்களைப் பார்த்த மருத்துவர் பேஜெட் ஒருவர் மட்டுமல்லர். கரப்பான் என்று சொல்லி மருந்து தடவி அனுப்பியவர் பலர். கட்டி வந்தபின் வேறொரு மருத்துவரிடம் சென்றிருப்பர். அவருக்குப் பழைய கரப்பானின் நினைவு இராது. தோலையும் கட்டியையும் ஒரே மனிதர், ஒரே நோயாளியிடம், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் உண்மை புலப்படும். பிணக்கூடத்தில் கத்தியை மழுக்கிய புள்ளியைக் கைக்கண்ணாடியால் பார்த்த மாணவருக்கே அது புலப்பட்டது.

தோலில் நெடுநாள் நீடித்த எரிச்சலே உள்ளே புற்றை எழுப்புகிறது என்று பேஜெட் கருதினார். பிற்கால ஆராய்ச்சி இதைத் தலைகீழாக மாற்றியது. பால் செல்லும் நாளங்களில் முதலில் தோன்றும் புற்றணுக்களே நாளத்தின் வழியே ஊர்ந்து காம்பின் தோலுக்கு வருகின்றன என்பதே பெரும்பாலோர் கொள்கை. மைக்ராஸ்கோப்பில் பெரிதாகவும் வெளிறியும் தோன்றும் அவ்வணுக்களுக்கும் பேஜெட் அணுக்கள் என்றே பெயர். புண் வெளியே தெரியும்போதே புற்று உள்ளே இருப்பதுதான் வழக்கம். அவர் சொன்ன காரணம் தவறினும், சொன்ன எச்சரிக்கை தவறவில்லை.

மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை இவ்வகையைச் சேர்ந்தவை. சாதாரணக் கரப்பான் பெரும்பாலும் இரு பக்கத்திலும் வரும், காம்பைச் சுற்றிய வட்டத்தில் தொடங்கும், மருந்துக்கு அடங்கும். பேஜெட் நோயோ பொதுவாக ஒரு பக்கத்துக் காம்பிலேயே தொடங்கி வெளிப்புறமாகப் பரவும். சில நாள் ஆறினாற் போலத் தோன்றி மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. கட்டி ஏதும் கைக்குத் தட்டுப்படாமலே இந்த அடையாளம் மட்டும் இருக்கலாம். தோலில் ஊசியளவு துண்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மார்பக எக்ஸ்ரே எடுத்து உள்ளேயும் பார்ப்பர். உள்ளே பரவுமுன் கண்டால் இன்று குணப்படுத்த இயலும். பலருக்கு மார்பகம் முழுவதையும் எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. நம் வீடுகளில் தாய்மார்களும் சகோதரிகளும் இந்த இடத்துப் புண்ணைக் கணவரிடம் சொல்லவும் கூசி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி மாதக்கணக்கில் மறைப்பதை நாம் அறிவோம். இந்த மலரைப் படிக்கும் குடும்பத் தலைவர்கள் இப்பகுதியை வீட்டில் உள்ளவர்க்கும் படித்துக் காட்டுவார்களாக.

1877இல் அவர் வெளியிட்ட மற்றொரு ஆராய்ச்சி எலும்பு நோய் ஒன்றைப் பற்றியது. 1856 முதல் அவர் பார்த்துவந்த ஒருவருக்குக் கால் எலும்புகள் வளைந்து, முதுகு கூனி, மண்டையோடு ஆண்டுக்கு ஆண்டு பெருத்தது. தொப்பியின் அளவு மாறிக்கொண்டே போயிற்று. 20 ஆண்டுகள் அம்மனிதரைத் தொடர்ந்து கவனித்து, 1876இல் அவர் இறந்தபின் உடலையும் ஆராய்ந்தே பேஜெட் வாய் திறந்தார். அதற்கும் பேஜெட் நோய் என்றே பெயர் நிலைத்தது. மார்பக நோய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் மருத்துவ மாணவர் பரீட்சையில் மயங்குவது இன்றைக்கும் உண்டு.

பிற்காலப் பெருமைகளை விரிக்க வேண்டுவதில்லை. 1875இல், ஒருகாலத்தில் சாடிகளுக்குப் பட்டியல் எழுதிய அதே ராயல் சர்ஜன் கல்லூரிக்குத் தலைவரானார். 1881இல் லண்டனில் கூடிய உலக மருத்துவர் பேரவைக்கும் அவரே தலைவர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்த அவ்வவையில் பாஸ்டர், விர்கோ, காக், லிஸ்டர் ஆகிய நால்வரும் ஒருங்கே அமர்ந்திருந்தனர். 1883 முதல் 1895 வரை லண்டன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். வார்டன் வீட்டு நாள் முதல் துணை நின்ற லிடியா அம்மையார் 1895இல் மறைந்தார். 1899ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், 86ஆம் வயது நிறைய இரு வாரங்களுக்கும் குறைவாக இருந்த வேளையில்—எண்ணிப் பார்த்தால் 85 வயது நிரம்பியவராய்—சர் ஜேம்ஸ் பேஜெட் லண்டனில் காலமானார்.

அவருடைய மைந்தர் நால்வருள் இருவர் கிறிஸ்தவ சமயத்தின் பிஷப்புகளாயினர், மூத்தவர் வழக்கறிஞர். இளைய மைந்தர் ஸ்டீபன் மட்டும் தந்தையின் தொழிலைப் பின்பற்றி அறுவை மருத்துவரானார். தந்தையார் உயிரோடிருக்கையிலேயே, 1889இல், மார்பகப் புற்றுநோயால் மாண்ட 735 பெண்களின் பிண ஆய்வுக் குறிப்புகளைத் திரட்டி அவர் ஆராய்ந்தார். புற்று உடலில் கண்டபடி பரவுவதாயின் எல்லா உறுப்புகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படவேண்டும். ஆனால் ஈரலில் 241 பேருக்கும், மண்ணீரலில் 17 பேருக்குமே அது காணப்பட்டது. செடி தன் விதைகளை எத்திசையிலும் தூவுகிறது. ஏற்ற நிலத்தில் விழுந்த விதையே முளைக்கிறது. புற்றணுவும் அத்தகையதே என்று ஸ்டீபன் விளக்கினார். அவர் காலத்தில் இதைப் பொருட்படுத்தியவர் குறைவு. ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின் ஆராய்ச்சியாளர்கள் அக்கட்டுரையைத் தேடி எடுத்தனர். விதையும் நிலமும் என்ற பெயரிலேயே அக்கொள்கை இன்று புற்றுநோய் நூல்களில் பயிலப்படுகிறது. தந்தையாரின் நினைவுக் குறிப்புகளையும் கடிதங்களையும் 1901ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டவரும் இந்த ஸ்டீபனே.